தோள் திரும்பினால் நாயும் திரும்பும்

வளைந்த டனலின் வாயும் ஏ-பிரேம் எனப்படும் செங்குத்தான சரிவுப் பலகையும் ஒட்டி ஒட்டி நிற்கின்றன. பார்டர் கோலி நாய் பாய்ந்து வருகிறது. கூட ஓடுபவர் “டனல்!” என்று தெளிவாகத்தான் கத்துகிறார். ஆனால் அவருடைய கால்விரல்களும் தோளும் பலகையைப் பார்த்திருக்கின்றன. நாய் ஒரு கணமும் தயங்காமல் பலகையில் ஏறிவிடுகிறது. வரிசை மாறியதால் அந்தச் சுற்று அத்தோடு முடிந்தது.

நாய்களுக்கான அஜிலிட்டி போட்டிகளில் அடிக்கடி நடப்பது இது. பார்வையாளர்கள் நாய் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை என்று நினைப்பார்கள். உண்மையில் அது மிகச் சரியாகக் கேட்டது, வாயை அல்ல, உடம்பை.

1978இல் லண்டனின் ஒலிம்பியா அரங்கில் நடந்த கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில், நிகழ்ச்சிகளுக்கு இடையே கூட்டத்தை மகிழ்விக்க ஏதாவது செய்யும்படி ஜான் வார்லி என்பவரிடம் கேட்டார்கள். குதிரைகள் தடை தாண்டும் போட்டியை நாய்களுக்கு ஏற்றபடி மாற்றி அவர் அமைத்த காட்சி கூட்டத்துக்குப் பிடித்துப்போனது. அஜிலிட்டி பிறந்தது அப்படித்தான். 1996 முதல் இதற்கு உலக சாம்பியன்ஷிப் போட்டியே நடக்கிறது. தாண்டும் தடைகள், டனல், சீசா, உயரமான நடைபலகை, வரிசையாக நட்ட 12 கம்பங்கள் எல்லாம் எண்ணிட்ட வரிசையில் இருக்கும். அந்த வரிசை ஒவ்வொரு சுற்றுக்கும் புதிது. நாயுடன் ஓடும் ஹேண்ட்லர் மட்டும் முன்னதாகச் சில நிமிடம் களத்தில் நடந்து பார்க்கலாம். நாய்க்கு அந்த வாய்ப்பு இல்லை. ஓடும்போது நாயைத் தொடக் கூடாது, தின்பண்டமோ பொம்மையோ காட்டவும் கூடாது. இருப்பதெல்லாம் குரலும் உடலும்தான்.

இரண்டில் எது நாய்க்கு முதலில் எட்டுகிறது? இத்தாலியின் நேப்பிள்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நீரில் மூழ்குபவர்களை மீட்கப் பயிற்சி பெற்ற நாய்களிடம் இதைச் சோதித்து 2016இல் வெளியிட்டார்கள். கை ஒன்றைக் காட்ட, வாய் வேறொன்றைச் சொன்னபோது நாய்கள் பெரும்பாலும் கை காட்டியதையே செய்தன. பின்லாந்து ஹேண்ட்லர் யானிதா லெய்னொனென் இதைத் தன் அனுபவத்தில் கற்றார். அவருடைய பார்டர் கோலி டெக்லாவுக்குக் காது கேட்காமல் போனது. ஓட்டத்தை விடுவதற்குப் பதிலாக, நாயின் கண்ணுக்கு எது தெரிகிறது, எதற்கு அது இயல்பாகத் திரும்புகிறது என்று பயிற்சியாளருடன் சேர்ந்து துருவிப் பார்த்தார். ஒன்மைண்ட் டாக்ஸ் என்ற பெயரில் இன்று பல நாடுகளில் கற்பிக்கப்படும் முறை அதிலிருந்து பிறந்ததுதான்.

உடல்மொழியின் அரிச்சுவடி ஃப்ரண்ட் கிராஸ். நாய் ஹேண்ட்லரின் இடப்பக்கம் ஓடி வருவதாக வைத்துக்கொள்வோம். அவர் நாய்க்குச் சற்று முன்னே சென்று வேகத்தைக் குறைக்கிறார். பிறகு நாயைப் பார்த்தபடியே இடப்பக்கமாகச் சுழல்கிறார். இடக்கை தாழ்கிறது, வலக்கை நீள்கிறது. நாய் வலப்பக்கம் வளைந்து அவருடைய வலக்கைப் பக்கம் வந்து சேர்கிறது. அவர் பின்தங்கிவிட்டால் ரியர் கிராஸ்தான் வழி. நாயின் முதுகுக்குப் பின்னால் குறுக்கே கடந்து மறுபக்கம் போக வேண்டும். இதில் அரை நொடி தாமதித்தாலும் நாய் தப்பான பக்கம் சுழன்றுவிடும். இந்த அசைவுகளை முதலில் நாய் இல்லாமலே வீட்டு முற்றத்தில் பழக வேண்டும். பெரும்பாலானோர் தாண்டிவிட்டுப் போகும் பயிற்சி இது. ஆனால் மிகுந்த பலன் தருவது.

அப்படியானால் சொல் எதற்கு? வேகமான நாய் ஒரு நொடியில் 5 மீட்டருக்கு மேல் கடக்கும். ஹேண்ட்லர் எப்போதும் முன்னே இருக்க முடியாது. அவர் பின்னால் இருக்கும்போது நாய்க்கு முன்கூட்டியே சேதி சொல்லக் குரல் வேண்டும். அந்தச் சொல்லுக்குப் பொருள் தானாக வராது, ஊட்ட வேண்டும்.

ஊட்டும்போது பலரும் தவறுவது ஒரே இடத்தில்: சொல்லையும் கை அசைவையும் ஒரே நேரத்தில் தருகிறார்கள். இரண்டு தூண்டல்கள் சேர்ந்து வந்தால் வலுவானது மற்றதை மூடிவிடும் என்பது பாவ்லோவ் காலத்திலேயே தெரிந்த உண்மை. நாய் கையைக் கற்கும். சொல் வெறும் இரைச்சலாக நின்றுவிடும். எனவே முதலில் சொல், ஒரு நொடி இடைவெளி, அதன் பிறகு ஏற்கெனவே தெரிந்த சைகை. “லெஃப்ட்” என்று சொல்லி, சற்றுப் பொறுத்து, கையால் இடப்பக்கம் வளைத்து, சரியாகத் திரும்பியதும் அந்தப் பக்கத்திலேயே தின்பண்டத்தைப் போட வேண்டும். பல நாள் பழகிய பின், கை அசையும் முன்பே நாயின் தலை திரும்பத் தொடங்கும். அப்போதுதான் சொல் அதன் காதில் ஏறியிருக்கிறது. இடம், வலம் இரண்டும் நாயின் கணக்கில் என்பதையும் ஹேண்ட்லர் மறக்கக் கூடாது. எதிரே நின்று கற்றுக்கொடுக்கும்போது நாக்கு குழறுவது நாய்க்கல்ல, மனிதருக்கு.

எந்தச் சொல் என்பதைவிட அதன் ஒலி முக்கியம். கம்பங்களுக்கு “வீவ்”, நடைபலகைக்கு “வாக்” என்று வைத்தால், மூச்சிரைக்க ஓடும்போது இரண்டும் ஒன்றுபோலக் கேட்கும். அதனால் பலர் ஒன்றை மாற்றிவிடுகிறார்கள். அமெரிக்க விலங்கியலாளர் பட்ரீசியா மக்கனெல், குட்டையாக அடுத்தடுத்து எழும் ஒலிகள் நாயை ஓடத் தூண்டுகின்றன என்றும், நீண்டு இறங்கும் ஒலி அதை நிதானப்படுத்துகிறது என்றும் காட்டினார். நேராக முடுக்க “கோ கோ கோ” என்று படபடப்பதும், நிறுத்த “ஸ்டே...” என்று இழுப்பதும் அந்த இயல்போடு ஒத்துப்போகின்றன.

எல்லாவற்றிலும் கடினமானது நேரம். தடையைத் தாண்ட எம்பும் முன்பே நாய் தன் உடலை எப்படி வளைப்பது என்று முடிவு செய்துவிடுகிறது. காற்றில் இருக்கும்போது “ரைட்” என்றால் அது அந்தரத்திலேயே உடலைத் திருக முயலும். குறுக்குக் கம்பி விழும், 5 புள்ளி தண்டம். தரையிறங்கிய பிறகு சொன்னால் அகல வட்டம் போட்டு நேரத்தை இழக்கும். கம்பி விழுந்த காட்சியை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். பல நேரங்களில் பிந்தி வந்த குரலே காரணமாக இருக்கும்.

டனலுக்குள் நுழைந்த நாய்க்கு ஹேண்ட்லர் தெரிவதே இல்லை. வெளியே வந்ததும் எந்தப் பக்கம் என்ற சேதி, உள்ளே நுழைவதற்கு முன்பே அதன் காதில் விழுந்திருக்க வேண்டும். சக்கர நாற்காலியில் இருந்தும் நாயுடன் களமிறங்கும் ஹேண்ட்லர்கள் இப்படி முன்கூட்டியே சேதி சொல்லும் திறனை எல்லாத் தடைகளுக்கும் விரிவாக்குகிறார்கள். நாயோடு ஒட்டி ஓட முடியாதபோது நாற்காலி எந்தத் திசையைப் பார்த்து நிற்கிறது என்பதும், எவ்வளவு முன்னதாகச் சொல் வருகிறது என்பதும்தான் நாய்க்கு வழி.