உங்களுக்குத் தெரியுமா? வயரின் நிறத்தை நம்பக்கூடாது
அமெரிக்க வீடுகளில் தெர்மோஸ்டாட்டை மாற்றும்போது வயரின் நிறம் எதற்கும் உத்தரவாதம் அல்ல. பழைய கருவியில் அது எந்த எழுத்துள்ள முனையில் மாட்டியிருந்தது என்பதே கணக்கு.

• ‘ஆர்’ முனை மின்சாரம் தரும். வழக்கமான அமைப்பில் ‘டபிள்யூ’ வெப்பமூட்டியையும், ‘ஒய்’ ஏசி கம்ப்ரசரையும், ‘ஜி’ காற்றாடியையும் இயக்கும்.

• பெரும்பாலும் இந்த மெல்லிய வயர்களில் ஓடுவது 24 வோல்ட்தான். 120 வோல்ட்டை டிரான்ஸ்ஃபார்மர் அந்த அளவுக்குக் குறைத்துவிடும்.

• வைஃபை தெர்மோஸ்டாட்டுகள் பலவற்றுக்கு ‘சி’ வயரும் தேவை. சில வீடுகளில் அது எதிலும் மாட்டப்படாமல் சுவருக்குள் சுருண்டு கிடக்கும்.

• சுவரிலிருந்து தடித்த வயர்கள் வந்தால் எச்சரிக்கை: அது 120 அல்லது 240 வோல்ட்டாக இருக்கலாம். 24 வோல்ட் கருவியை அங்கே பொருத்தக்கூடாது.