உங்களுக்குத் தெரியுமா? வலிக்காத நுரையீரல்

நுரையீரல் திசுவுக்கு வலி தெரியாது. உள்ளே கட்டி வளர்ந்தாலும் மாதக்கணக்கில் சத்தமே இருக்காது. நுரையீரலைப் போர்த்தியிருக்கும் 'புளூரா' என்ற இரட்டைச் சவ்வில், வெளிச்சவ்வுக்குத்தான் வலி உணரும் நரம்புகள் உண்டு. புற்று அதைத் தொட்ட பிறகே மூச்சை இழுக்கும்போது சுருக்கென்று குத்தும். பலருக்கு நோய் முற்றிய பின் தெரியவருவது இதனால்தான்.

'நெஞ்சுல நீர் கோத்திருக்கு' என்கிறோமே, அந்த நீர் சேர்வது இந்த இரு சவ்வுகளுக்கும் நடுவில். இயல்பாக அங்கே சில தேக்கரண்டி நீர்தான் இருக்கும். நோய் வந்தால் லிட்டர் கணக்கில் சேரும். காசநோய், நிமோனியா, இதயக் கோளாறு, புற்று என எதுவும் காரணமாகலாம். ஊசியால் நீரை எடுத்துச் சோதித்தால் பெரும்பாலும் விடை கிடைக்கும்.

விரலால் நெஞ்சைத் தட்டி, ஒலியை வைத்தே நீர் இருப்பதைக் கண்டறியும் முறையை 1761-இல் வெளியிட்டவர் வியன்னா மருத்துவர் அவுன்புருகர். இன்றும் மருத்துவர்கள் தட்டிப் பார்க்கிறார்கள்.

நம் நாட்டில் நடக்கும் ஒரு தவறு மனதை உறுத்துகிறது. எக்ஸ்ரேயில் நிழல் தெரிந்தால் உடனே காசநோய் என்று முடிவுகட்டி, சளியில் கிருமி இருப்பது உறுதியாகாமலே மாத்திரை தொடங்கிவிடுவதுண்டு. அது புற்றாக இருந்தால், அறுவை சிகிச்சைக்கு வாய்ப்புள்ள மாதங்கள் கையைவிட்டுப் போய்விடும். கிருமி தென்படாவிட்டாலோ, மருந்துக்கு நிழல் கரையாவிட்டாலோ, சி.டி. ஸ்கேன், பயாப்சி பற்றி மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள். சளியில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, கரகரத்தே இருக்கும் குரல் ஆகியவற்றையும் சொல்லிவிடுங்கள்.

புற்றுக்காக ஒரு முழு நுரையீரலை அகற்றி, நோயாளியை முதன்முதலாகப் பிழைக்கவைத்தவர் அமெரிக்க அறுவை மருத்துவர் எவர்ட்ஸ் கிரஹாம், ஆண்டு 1933. சிகரெட்டுக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பை 1950-இல் வெளியிட்ட ஆய்விலும் அவர் பங்கேற்றார். நெடுங்காலம் புகைத்த அவர், பழக்கத்தை விட்ட பிறகும், 1957-இல் அதே நோயால் இறந்தார். அவர் காப்பாற்றிய நோயாளி அதன் பின்னும் உயிரோடிருந்தார்.

புளூராவிலேயே தோன்றும் புற்று மீசோதீலியோமா. முக்கியக் காரணம் ஆஸ்பெஸ்டாஸ் தூசு. தென்னாப்பிரிக்க ஆஸ்பெஸ்டாஸ் சுரங்கப் பகுதிகளில் இந்நோய் கண்ட 33 பேரைப் பற்றி 1960-இல் ஆய்வாளர் வாக்னரின் குழு எழுதியபோது உலகம் விழித்தது. தூசை மூச்சில் இழுத்து 20, 40 ஆண்டுகள் கழித்தும் நோய் வரும். ஆஸ்பெஸ்டாஸ் கூரை ஷீட்டை அறுப்பதும் துளையிடுவதும் ஆபத்து.

புகையையே தொடாத பெண்களுக்கும் நுரையீரல் புற்று வருகிறது. அவர்களில் பலருக்கு 'இ.ஜி.எஃப்.ஆர்.' மரபணு மாற்றம் இருக்கும். அதைக் குறிவைக்கும் மாத்திரைகள் இப்போது உள்ளன. பயாப்சி எடுத்தால், அந்தத் திசுவை மரபணுப் பரிசோதனைக்கும் அனுப்பச் சொல்லுங்கள்.