ஏட்டில் உள்ள எண்ணும் இரும்பில் உள்ள எண்ணும்
பழைய மோட்டார் சைக்கிள் வாங்குவோர் கவனத்திற்கு

திருவனந்தபுரம் மாவட்டத்தின் கிழக்கு எல்லையில், அகத்தியர்கூடத்திற்குச் செல்லும் மலைப்பயணம் தொடங்கும் இடம் போனக்காடு. தலைநகரிலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாக ஏறத்தாழ 60 கிலோமீட்டர். ஆங்கிலேயர் காலத்துத் தேயிலைத் தோட்டமும், அதன் லயங்களில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் தமிழ்க் குடும்பங்களும் இவ்வூரின் அடையாளங்கள். தேயிலைத் தொழிற்சாலை நின்றுபோன பிறகு, இளைஞர்கள் பலர் வேலை தேடி விதுராவுக்கும் நெடுமங்காட்டுக்கும் தினமும் இறங்கி ஏற வேண்டியுள்ளது. அரசுப் பேருந்து உண்டு. எனினும் அதன் நேரமும் வேலையின் நேரமும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. ஆகவே இத்தகைய ஊர்களில் மோட்டார் சைக்கிள் ஆடம்பரமன்று. அதுவே பிழைப்புக்கான வழி. புதிய வண்டியின் விலை கைக்கு எட்டாதபோது, பழைய வண்டியே நாடப்படுகிறது.

பழைய வண்டியைப் பார்க்கச் செல்பவர் அதன் நிறத்தையும், டயரையும், என்ஜின் எழுப்பும் ஓசையையும் கவனிக்கிறார். பதிவுச் சான்றில் உள்ள எண்களை யாரும் ஊன்றிப் படிப்பதில்லை. ஆனால் வங்கியில் கடன் விண்ணப்பங்களைப் பரிசீலிப்பவர் என்ற முறையில் நான் முதலில் பார்ப்பது அந்த எண்களைத்தான். சட்டத்தின் கண்ணில் ஒரு வண்டி என்பது அந்த எண்களே.

ஒரு எழுத்தின் விலை

போனக்காட்டைச் சேர்ந்த ஓர் இளைஞர் சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் கிளைக்கு வந்தார். மார்த்தாண்டத்தில் ஒரு பழைய வண்டி பார்த்திருப்பதாகவும், தாயார் தேயிலை பறித்துச் சேர்த்த பணத்துடன் சிறிய கடனும் வேண்டும் என்றும் கூறினார். அவர் கொண்டுவந்த பதிவுச் சான்றின் நகலைப் படித்தபோது, சேசிஸ் எண்ணின் நடுவே ‘ஓ’ என்ற ஆங்கில எழுத்து இருந்தது. பதினேழு இடங்கள் கொண்ட சேசிஸ் எண்ணில் ‘ஐ’, ‘ஓ’, ‘கியூ’ ஆகிய மூன்று எழுத்துகளும் பயன்படுத்தப்படுவதே இல்லை. ஒன்றுடனும் சுழியத்துடனும் குழப்பம் நேரக்கூடாது என்பதற்காக உலக அளவில் ஏற்கப்பட்ட விதி அது. அப்படியானால் வண்டியில் பொறித்திருப்பது சுழியம்; ஏட்டில் ஏறியது ‘ஓ’.

“சார், ஒரு எழுத்துதானே?” என்றார் அவர். வண்டியை நேரில் பார்த்து, பொறித்த எண்மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படி எடுத்து வரும்படி சொன்னேன். மறுவாரம் அவர் கொண்டுவந்த தாளில் சேசிஸ் எண் நான் நினைத்தபடியே இருந்தது. கூடவே என்ஜின் எண்ணின் கடைசி இலக்கமும் பதிவுச் சான்றிலிருந்து வேறுபட்டது. முதலாவது தட்டச்சுப் பிழை என்று உறுதியாகச் சொல்லலாம். இரண்டாவதை அப்படிச் சொல்லிவிட முடியாது. பிழையாகவும் இருக்கலாம், வேறொரு வண்டியின் என்ஜினாகவும் இருக்கலாம்.

இதற்கு விடை தருவன வண்டி முதன்முதலில் விற்கப்பட்டபோது வழங்கப்பட்ட ஆவணங்கள். படிவம் 21 என்பது விற்பனைச் சான்று. படிவம் 22 என்பது உற்பத்தியாளர் தரும் தகுதிச் சான்று. இரண்டிலும் சேசிஸ் எண்ணும் என்ஜின் எண்ணும் இருக்கும். நல்லவேளையாக, விற்பவர் அவற்றைப் பத்திரப்படுத்தி வைத்திருந்தார். படிவங்களும் பென்சில் படியும் ஒத்தன; ஏடு மட்டுமே தவறு. பதிவு செய்த அலுவலகத்தில் விற்பவரே விண்ணப்பித்துத் திருத்தம் பெற்றார். அதன் பிறகே படிவம் 28-இல் தடையின்மைச் சான்று பெறப்பட்டு வண்டி கேரளத்திற்கு வந்தது. ஏழு வாரங்கள் ஆயின. இளைஞர் பொறுமையிழந்தது உண்மை. ஆனால் பணம் கைமாறிய பின் இது தெரியவந்திருந்தால், பழைய உரிமையாளரைத் தேடி மாநில எல்லை தாண்டி அலைய வேண்டியவர் அவரே.

எண் தவறினால் என்ன கெடும்?

முதலாவது, காப்பீடு. வண்டி திருட்டுப் போனாலோ விபத்தில் சிக்கினாலோ, பாலிசியில் உள்ள எண்களும் வண்டியின் எண்களும் ஒப்பிடப்படும். அவை வேறுபட்டால் இழப்பீடு தாமதமாகும் அல்லது மறுக்கப்படும்.

இரண்டாவது, பிரீமியம். 2022 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த கட்டணப்படி, 75 சி.சி.க்கு மேல் 150 சி.சி. வரையுள்ள இருசக்கர வாகனத்திற்கு மூன்றாம் நபர் காப்பீடு ஆண்டுக்கு 714 ரூபாய். 150-க்கு மேல் 350 வரை 1,366 ரூபாய். 149.5 சி.சி. வண்டியை 155 என்று ஏட்டில் ஏற்றினால், ஆண்டுதோறும் ஏறத்தாழ இருமடங்கு செலுத்த நேரும்.

சி.சி. என்பது கணக்கிட்டுச் சரிபார்க்கக்கூடிய அளவு. சிலிண்டரின் உள்விட்டம் 5 சென்டிமீட்டர், பிஸ்டன் நகரும் தூரம் 4.95 சென்டிமீட்டர் எனில், வட்டப் பரப்பு 19.635, அதைத் தூரத்தால் பெருக்கினால் 97.2 சி.சி. பேச்சு வழக்கில் ‘நூறு சி.சி. வண்டி’ என்று அழைக்கப்படும் பழைய ஸ்பிளெண்டரின் உண்மையான அளவு இதுவே. உள்விட்டம் 7, நகர்வு 9 சென்டிமீட்டர் கொண்ட பழைய ‘350’ புல்லட்டின் அளவு 346 சி.சி. ஆகவே ஏட்டில் 97 என்றோ 346 என்றோ கண்டு அஞ்ச வேண்டியதில்லை. வண்டியின் கையேட்டில் உள்ள அளவோடு பொருந்துகிறதா என்பதே கேள்வி.

மூன்றாவது, தயாரிப்பு ஆண்டு. பதிவான ஆண்டும் தயாரான ஆண்டும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. 2017 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.-3 வாகனங்களை விற்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டபோது, மார்ச் மாத இறுதி நாட்களில் பெரும் தள்ளுபடியில் இருசக்கர வாகனங்கள் விற்றுத் தீர்ந்தன. அவற்றுள் சில மாதங்கள் கிடங்கில் நின்றவையும் உண்டு. காப்பீட்டு மதிப்புக் கணக்கில், 2 முதல் 3 ஆண்டு வயதான வண்டிக்கு 30 விழுக்காடும், 3 முதல் 4 ஆண்டுக்கு 40 விழுக்காடும் தேய்மானம் கழிக்கப்படுகிறது. ஓராண்டு வேறுபாடு விலையில் தெரிந்தாக வேண்டும்.

ஓடோமீட்டர் சொல்வதும் சொல்லாததும்

ஏட்டில் இல்லாத மற்றொரு பதிவு, ஓடோமீட்டர். அது என்ஜினை அளப்பதில்லை. சக்கரத்தின் சுழற்சியை எண்ணித் தூரமாகக் காட்டுகிறது. பழைய வண்டிகளில் முன் சக்கரத்திலிருந்து வரும் கேபிள் அறுந்தால் எண்ணிக்கை நின்றுவிடும். வண்டி ஓடிக்கொண்டே இருக்கும். ஆகவே குறைந்த எண் என்றாலே மோசடி என்று முடிவு கட்ட வேண்டாம். டிஜிட்டல் மீட்டரைத் திருத்துவோரும் உண்டு என்பதால், அதை வேதவாக்காகக் கொள்ளவும் வேண்டாம்.

மலைச்சாலையில் இன்னொரு நுட்பம் உண்டு. முதல் கியரில் ஒரு கிலோமீட்டர் செல்ல, கடைசி கியரில் செல்வதைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு முறை என்ஜின் சுழல வேண்டும். விதுராவிலிருந்து போனக்காட்டுக்குத் தினமும் ஏறிய வண்டியின் 20,000 கிலோமீட்டரும், சமவெளியில் ஓடிய வண்டியின் 20,000 கிலோமீட்டரும் என்ஜினுக்கு ஒன்றல்ல. மீட்டர் முற்றிலும் சரியாக இருந்தாலும், வண்டி எங்கே ஓடியது என்று கேட்பது அவசியம்.

எண்ணை வகுத்தும் பாருங்கள். எட்டு ஆண்டு வண்டியில் 18,000 கிலோமீட்டர் எனில், நாளொன்றுக்கு ஆறு கிலோமீட்டர். தினமும் வேலைக்குச் சென்றவரின் வண்டி என்றால் அது பொருந்தாது. சர்வீஸ் புத்தகத்தில் தேதியும் கிலோமீட்டரும் இருக்கும். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்கள் அது தயாரான வாரத்தையும் ஆண்டையும் காட்டும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். தேய்ந்த கால்மிதி ரப்பரும், கூர்மையான ஸ்ப்ராக்கெட் பற்களும், சூடான பின் வரும் நீலப் புகையும் மீட்டரைவிட நேர்மையான சாட்சிகள்.

பணம் தருமுன் செய்ய வேண்டியவை

பதிவு எண்ணை ‘எம்-பரிவாகன்’ செயலியில் இட்டு, கிடைக்கும் விவரங்களைச் சான்றோடு ஒப்பிடுங்கள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ‘வாகன் சமன்வய்’ சேவையில், வண்டி திருட்டு வழக்கில் உள்ளதா என்று பார்க்கலாம். பொறித்த இடம் அரத்தால் தேய்க்கப்பட்டதுபோல் இருந்தாலோ, இலக்கங்கள் கோணலாக நின்றாலோ, பேரத்தை அங்கேயே நிறுத்துங்கள். என்ஜின் மாற்றப்பட்டது என்று விற்பவர் கூறினால், பதிவு அதிகாரியின் ஒப்புதல் சான்றில் ஏறியிருக்க வேண்டும். சான்றில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளரின் விவரங்களுக்கு மாறாக இருக்கும்படி வண்டியை மாற்றக்கூடாது என்று, கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியுள்ளது.

பழைய வாகன வியாபாரியிடம் வாங்குவதானால், பதிவு அதிகாரி வழங்கிய அங்கீகாரச் சான்றைக் கேளுங்கள். 2023 ஏப்ரல் 1 முதல் இது விதி. சான்றில் வங்கிக் கடன் குறிப்பு இருந்தால், படிவம் 35 மூலம் அது நீக்கப்பட்டிருக்க வேண்டும். வாங்கிய பின் உரிமை மாற்றத்தையும், 14 நாட்களுக்குள் காப்பீட்டு மாற்றத்தையும் கோருங்கள்.

விற்பவருக்கும் ஒரு சொல். 2018 பிப்ரவரியில் நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில், ஏட்டில் எவர் பெயர் உள்ளதோ அவரே உரிமையாளர் என்றும், வண்டி பல கைகள் மாறியிருந்தாலும் விபத்து இழப்பீட்டுப் பொறுப்பு அவருடையதே என்றும் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சாவியைக் கொடுத்துப் பணத்தை எண்ணி வாங்கியதோடு விற்பனை முடிந்துவிடுவதில்லை.

கடன் கேட்டு வருபவரிடம் பென்சில் படி கேட்பது அவரை நம்பாததால் அன்று. கடனின் தவணை மூன்று ஆண்டுகளில் தீரும். தவறான எண், திருத்தும்வரை வண்டியோடு கூடவே வரும். ஒரு வெள்ளைத் தாளும் ஒரு பென்சிலும் போதும். அந்தக் கால்மணி நேரத்தை, பணம் கொடுப்பதற்கு முந்திய நாளில் செலவிடுங்கள்.