தோல் பதனிட்ட தண்ணீர் திரும்பி வருமா?

குடிப்பதற்கும் ஒளுச் செய்வதற்கும் புதுச்சேரியில் நமக்கு நிலத்தடி நீரே ஆதாரம். ஒருபுறம் கடல், மறுபுறம் மேட்டுப்பாளையம், சேதராப்பட்டு தொழிற்பேட்டைகள். எனவே ஆலைக் கழிவுநீரை வேற்றூர்ச் செய்தி என்று நாம் ஒதுக்கிவிட முடியாது.

நமக்கான பாடம் பாலாற்றில் இருக்கிறது. நம்மில் சிலருக்கு உறவும் வியாபாரத் தொடர்பும் உள்ள ஆம்பூர், வாணியம்பாடி ஊர்களைத் தோல் தொழில் வாழவைத்தது. அதே தொழில்தான் அங்குள்ள கிணறுகளையும் கெடுத்தது. ஒரு கிலோ தோலைப் பதனிட்டு முடிக்கச் சுமார் 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்றும், ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பாழாகிவிட்டது என்றும் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்பில் குறிப்பிட்டது. மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்றும் சொன்னது.

அந்த நீரைச் சுத்திகரிப்பது எப்படி? குரோமியம் கலந்த நீரை முதலிலேயே தனியாகப் பிரிக்க வேண்டும். அப்போதுதான் குரோமியத்தை மீட்டு, மறுபடியும் பதனிடப் பயன்படுத்தலாம். மீதி நீரிலுள்ள சுண்ணாம்பும் கசடும் தொட்டியில் படியவைத்து அகற்றப்படும். அடுத்த தொட்டியில் காற்றைச் செலுத்தினால், நுண்ணுயிர்கள் பெருகிக் கரிமக் கழிவைத் தின்றுவிடும். நாற்றம் குறையும், நீர் தெளியும்.

ஆனால், பச்சைத்தோல் அழுகாமலிருக்கத் தடவிய உப்பு அந்த நீரில் கரைந்து அப்படியே இருக்கும். தெளிந்துவிட்டதே என்று வயலுக்குப் பாய்ச்சினால் மண் உவராகிவிடும். உப்பை நீக்க ஆர்.ஓ. சவ்வு வழியே நீரைச் செலுத்த வேண்டும். கிடைக்கும் நல்ல நீர் ஆலைக்கே திரும்பும். மிஞ்சும் அடர்ந்த உப்புநீரை ஆவியாக்கி, உப்பைத் தனியே எடுக்க வேண்டும். செலவு அதிகமாவது இந்தக் கட்டத்தில்தான்.

செலவுக்கு அஞ்சி இதைத் தள்ளிப்போட முடியாது. திருப்பூரில், கழிவுநீரை வெளியே விடாத நிலையை எட்டாத சாயப்பட்டறைகளை மூடும்படி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. பாலாற்றுப் பாதிப்புக்கு இழப்பீடு வழங்கவும் கண்காணிப்புக் குழு அமைக்கவும் 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மீண்டும் உத்தரவிட வேண்டியிருந்தது. முதல் தீர்ப்பு வந்து 28 ஆண்டுகள் கடந்த பிறகும் நிலைமை இதுதான். கெட்ட நிலத்தடி நீர் அவ்வளவு எளிதில் மீளாது.

நம் ஜமாஅத்தில் சாயம், முலாம், தோல் பட்டறை நடத்துவோர் கழிவை மழைநீர் வாய்க்காலிலோ ஆழ்துளைக் கிணற்றிலோ விடவே கூடாது. நம் தெருவுக்கு அருகே ஆலை இருந்தால், “சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறதா?” என்பதோடு நிறுத்தாமல், “பிரித்த உப்பு எங்கே போகிறது?” என்றும் கேட்போம்.