சீனத்தைப் பங்கிட்ட சேனாபதிகள்

பௌதிகம் படிக்கிறவனுக்குச் சரித்திரத்தில் என்ன வேலை என்று நம் சங்கத்து நண்பர்கள் கேலி செய்கிறார்கள். 12 ஆண்டுகள் சண்டையிட்டும் எவர் கையும் நிலைத்து ஓங்காத ஒரு போர் இருந்ததென்றால், அது ஏன் என்று கேட்பது பௌதிக மாணவனுக்கும் உரியதுதான். 1916 முதல் 1928 வரை சீனாவில் யுத்தப் பிரபுக்கள் ஆடிய ஆட்டத்தைச் சொல்கிறேன்.

அதன் வித்து மன்னராட்சியிலேயே விழுந்தது. 1895-இல் டியென்ட்ஸின் நகருக்கருகே யுவான் ஷி-காய் என்பவர் ஐரோப்பிய முறையில் புதுப்படை ஒன்றைப் பழக்கினார். அதன் அதிகாரிகள் கட்டுப்பட்டது சட்டத்துக்கன்று, யுவானுக்கு. 1912-இல் மன்னராட்சி ஒழிந்து அவரே குடியரசின் தலைவரானார். அதுவும் போதாமல் 1915 இறுதியில் சக்கரவர்த்தியாகத் துணிந்தார். மாகாணங்கள் கிளர்ந்தெழுந்தன, 1916 ஜூனில் அவர் இறந்தார். அதற்குப்பின் அவரவர் கையிலிருந்த படைக்கு அவரவரே எஜமானர்: அன்ஹ்வெய் கோஷ்டிக்குத் துவான் சி-ஜுயி, சிலி கோஷ்டிக்கு ட்ஸாவ் குன்னும் அவருடைய தளபதி வூ பெய்-பூவும், மஞ்சூரியாவில் முன்னாள் கொள்ளைக்காரரான சாங் ஸோ-லின். தெற்கே கான்டனில் ஸன் யாட்-ஸென் தனி அரசாங்கம் நடத்தினார்.

இவர்கள் தத்தம் மாகாணத்தோடு திருப்தியடையாததற்கு முக்கியக் காரணம் பணம். சீனாவின் சுங்கவரியை நிர்வகித்தவர்கள் அந்நிய அதிகாரிகள். வெளிநாட்டுக் கடனுக்குப் போக மிஞ்சியதைப் பீகிங் (இன்றைய பெய்ஜிங்) அரசாங்கத்திடம் கொடுத்தார்கள். ஆகவே பீகிங்கைப் பிடித்தவருக்கு உலக நாடுகளின் அங்கீகாரமும் கிடைத்தது, ரொக்கமும் கிடைத்தது. 1923-இல் ட்ஸாவ் குன் பார்லிமெண்டு அங்கத்தினருக்குத் தலைக்கு 5,000 வெள்ளி கொடுத்து ஜனாதிபதியானார் என்றால் அந்த நாற்காலியின் மதிப்பை நீங்களே ஊகிக்கலாம்.

ஆனால் அதில் அமர்ந்தவர் எவரும் நிலைக்கவில்லை. எனக்கு மிகவும் சுவையாகப்பட்ட இடம் இதுதான். ஒருவர் கை ஓங்கியதும் மற்றவர்கள் கூடிக் கவிழ்த்தனர். 1920-இல் சிலியும் மஞ்சூரியாவும் சேர்ந்து துவானை வீழ்த்தின. 1922-இல் அவ்விருவருமே மோதினர்; சாங் தோற்றார். 1924-இல் வூவின் கீழிருந்த தளபதி பெங் யூ-ஸியாங் போர்முனையிலிருந்து திரும்பிவந்து பீகிங்கைப் பிடித்துக்கொள்ள, சாங்கிற்கு வழி பிறந்தது. 1926-இல் பழைய பகைவரான சாங்கும் வூவும் கைகோத்து அதே பெங்கை விரட்டினர்! சிப்பாய்களுக்கு இதில் சங்கடமில்லை. தோற்றவரின் பட்டாளம் வென்றவரிடம் சேர்ந்துகொள்ளும். சம்பளம் வந்தால் சரி.

அந்தச் சம்பளத்தைக் கொடுத்தவன் குடியானவன். ஸெச்சுவானில் தளபதிகள் தாலுக்கா தாலுக்காவாகப் பங்கிட்டுக்கொண்டு, பல பத்தாண்டுகளுக்கான நிலவரியை முன்கூட்டியே கறந்தனர். பீகிங்கில் ஆசிரியர்கள் சம்பளப் பாக்கிக்காக 1921-இல் வேலைநிறுத்தம் செய்தனர். பீகிங்–ஹாங்கோ ரயில் வருமானம் வூவின் படைக்கு உயிர்நாடி. 1923 பிப்ரவரியில் அதன் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது அவர் துப்பாக்கியால் பதில் சொன்னார்.

அக்காலத்துப் படைகள் ரயிலில் போய்த்தான் சண்டையிட்டன. ஷான்ஸி மாகாணத்து யென் ஸி-ஷான் அதை நன்றாக உணர்ந்தவர். 1930-களில் தம் மாகாணத்தில் அவர் போட்ட பாதை ஒரு மீட்டர் அகலந்தான். சீனாவின் முக்கியப் பாதைகளோ 1,435 மில்லிமீட்டர். பிறர் படைவண்டி உள்ளே வராதிருக்கவே இந்த ஏற்பாடு என்பார்கள். செலவும் குறைவு, இரண்டு காரணமும் அவருக்கு உவப்பாகத்தான் இருந்திருக்கும்.

1926-இல் கான்டனிலிருந்து சியாங் கே-ஷேக் வடக்கே படையெடுத்தார். தளபதிகளில் சிலர் தோற்றனர். பலர் பட்டாளத்தோடு அவர் பக்கம் தாவினர். 1928 ஜூன் 4 அன்று மஞ்சூரியாவுக்குத் திரும்பிக்கொண்டிருந்த சாங்கின் ரயிலை ஜப்பானியப் படை அதிகாரிகள் குண்டு வைத்துத் தகர்த்தனர், அவர் மாண்டார். அவர் மகன் சாங் ஸுயே-லியாங் டிசம்பரில் சியாங்கின் கொடியை ஏற்ற, நாடு ஒன்றாயிற்று என்று அறிவித்தார்கள். 1930-இலேயே யென்னும் பெங்கும் சியாங்கை எதிர்த்துப் பெரும்போர் தொடுத்தனர். 1936-இல் அந்த மகனே சியாங்கைச் சிறைபிடித்தார். அதற்காகப் பல பத்தாண்டுகள் காவலில் கிடந்தார். ஹவாய்த் தீவில் அவர் இறந்தது 2001-இல், நூறாவது வயதில்.