பேரீச்சம்பழத்துக்குப் போக இருந்த டிராக்டர்



எங்கள் தோட்டத்துப் புளியமரத்தடியில் ஒரு பழைய மாசே பெர்குசன் 1035 டிராக்டர் நின்றது. மூன்று சிலிண்டர் டீசல் இன்ஜின். 2019-ல் தாத்தா இறந்த பிறகு யாரும் அதைத் தொடவில்லை. சீட்டில் கோழி முட்டையிட்டது. "எடைக்குப் போட்டுடலாம், இடமாச்சும் மிச்சம்" என்றார் அப்பா. ஒவ்வொரு உழவுக்கும் வாடகை வண்டிக்குக் காசு கொடுத்துக்கொண்டு, சொந்த வண்டியைப் பேரீச்சம்பழத்துக்குப் போடுவதா? எனக்கு மனசு கேட்கவில்லை. மெக்கானிக்காக இருக்கும் என் மாமாவிடம் சொன்னேன். அப்பா பொங்கல் வரை தவணை கொடுத்தார். அந்த நாட்களில் நான் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன்.

டீசல் இன்ஜின் எப்படி ஓடுகிறது?

சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பக்கம் சுடும், கவனித்திருக்கிறீர்களா? காற்றை அமுக்கினால் சூடாகும். டீசல் இன்ஜினுக்குள் பிஸ்டன் காற்றைச் சுமார் பதினாறில் ஒரு பங்காக அமுக்குகிறது. அப்போது வெப்பம் 500 டிகிரி செல்சியஸையும் தாண்டும். அதில் டீசலைப் புகைபோலத் தூவினால் தானே பற்றிக்கொள்ளும். பெட்ரோல் வண்டி மாதிரி ஸ்பார்க் பிளக் தேவையில்லை. இந்த இன்ஜினை ஜெர்மனியைச் சேர்ந்த ருடால்ஃப் டீசல் 1897-ல் ஓட்டிக் காட்டினார். அவர் பெயர்தான் எண்ணெய்க்கும் நிலைத்துவிட்டது!

ஆக, வேண்டியது மூன்று: நல்ல காற்று, நல்ல அழுத்தம், சுத்தமான டீசல்.

சாவியைத் தொடாதே!

மாமா வருவதற்குள் ஸ்டார்ட் பண்ணிக் காட்டிவிடலாம் என்று, சித்தப்பா வண்டி பேட்டரியைக் கழற்றிவந்து மாட்டிவிட்டேன். சாவியைத் திருப்பப் போகிற நேரத்தில் மாமா வந்துவிட்டார். "டேய், கையை எடுடா! ஆறு வருஷம் படுத்துக் கிடந்தவனை எழுப்பி ஓடச் சொல்லுவியா?" என்று சத்தம் போட்டார். ஏன் என்று அப்போது புரியவில்லை.

முதலில் இன்ஜினுக்கு அடியில் உள்ள ஆயில் போல்ட்டைக் கழற்றினார். ஆயில் வரும் என்று பார்த்தால் ஒரு டம்ளர் தண்ணீர் வந்தது! பிறகுதான் கறுப்பு ஆயில் வந்தது. தண்ணீர் ஆயிலைவிடக் கனமானது, அதனால் அடியில் தங்கியிருந்தது. தண்ணீர் எப்படி உள்ளே போனது? மாமா மேலே கையைக் காட்டினார். நிமிர்ந்து நிற்கும் சைலன்சர் குழாய்க்கு மூடி இல்லை. ஆறு மழைக்காலம்! எந்த சிலிண்டரில் புகை வால்வு திறந்தபடி நின்றதோ அதற்குள் மழைநீர் இறங்கி, துருப்பிடித்து, பிஸ்டன் ஒட்டிக்கொண்டது. இன்ஜின் ஜாம்.

காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் நிற்கும்போது செல்ஃப் அடித்தால், பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துபோகும். நான் சாவியைத் திருப்பியிருந்தால் வண்டி நிஜமாகவே பேரீச்சம்பழத்துக்குத்தான் போயிருக்கும்.

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள்

இன்ஜெக்டர் மூன்றையும் கழற்றி, அந்தத் துளைகள் வழியாக டீசலும் இன்ஜின் ஆயிலும் கலந்து ஊற்றினோம். துருவுக்குள் அது ஊற வேண்டும். அடுத்த ஞாயிறு, முன்பக்கப் புல்லி நட்டில் நீளமான ஸ்பேனர் போட்டு முன்னும் பின்னும் லேசாக ஆட்டினோம். அசையவில்லை. "முரட்டுத்தனம் பண்ணாதே, ஊறட்டும்" என்றார் மாமா. மூன்றாவது ஞாயிறு ஒரு விரல்கடை அளவு அசைந்தது! சாயங்காலத்துக்குள் முழுச் சுற்று சுற்றியது. இன்ஜெக்டரை மாட்டாமலே செல்ஃப் அடித்து, ஊற்றிய ஆயிலையெல்லாம் வெளியே தள்ளினோம். (அப்போது துளைக்கு நேராக நிற்கக் கூடாது.)

பிறகு செய்தவை:

1. ஏர் கிளீனரில் எலிக்கூடு இருந்தது. சுத்தம் செய்து புது ஆயில் ஊற்றினோம்.

2. டேங்கின் அடியில் தண்ணீரும் கசடும் இருந்தன. பழைய டீசலை இறக்கிக் கழுவி, ஃபில்டரை மாற்றினோம்.

3. புது இன்ஜின் ஆயில், ரேடியேட்டருக்குத் தண்ணீர், இன்ஜெக்டருக்குப் புது செம்பு வாஷர்.

4. ஏர் எடுத்தல். டீசல் குழாயில் காற்றுக்குமிழி இருந்தால், பம்ப் தரும் அழுத்தத்தை அந்தக் குமிழியே வாங்கிக்கொள்ளும்; டீசல் தூவாது. அதனால் ஃபில்டரின் திருகைத் தளர்த்தி, குமிழி நிற்கும்வரை கைப்பம்பை அடிக்க வேண்டும். அதன்பின் பெரிய பம்பிலும் இப்படியே செய்ய வேண்டும்; கடைசியில் இன்ஜெக்டர் நட்டைத் தளர்த்தி, செல்ஃப் அடித்துக் காற்றை வெளியேற்ற வேண்டும். இன்ஜெக்டர் டீசலைத் தூவும் இடத்தில் கையை நீட்டக் கூடாது. காற்றழுத்தத்தைப்போல 100 மடங்குக்கு மேல் அழுத்தம். ஊசி மாதிரி தோலுக்குள் புகுந்துவிடும்.

அந்த நாள்

போகிக்கு முந்தின நாள். டயருக்குக் கல் வைத்து, கியரை நியூட்ரலில் போட்டோம். மாமா என் கையில் ஒரு பலகையைக் கொடுத்தார். "நிறுத்தும் குமிழை இழுத்தும் வண்டி நிற்காம ரேஸ் ஆச்சுன்னா, காத்து போற வாயை இதால அடை. கையை வைக்காதே" என்றார். செல்ஃப் அடித்தார். ஒன்றுமில்லை. மறுபடி அடித்தார். வெள்ளைப்புகை வந்தது, அது எரியாத டீசல். மூன்றாம் தடவை தடதடவென்று இன்ஜின் பிடித்துக்கொண்டது! மாமா புகையைப் பார்க்கவில்லை, ஆயில் மீட்டரைத்தான் பார்த்தார். முள் ஏறிய பிறகே சிரித்தார். நீலப்புகை கொஞ்ச நேரம் வந்தது. ஊற்றிய ஆயில் எரிந்து தீர்ந்ததும் அதுவும் குறைந்தது.

அப்பா வீட்டுக்குள்ளிருந்து ஓடி வந்தார். ஒன்றும் பேசவில்லை. சீட்டைத் துண்டால் துடைத்துவிட்டு ஏறி உட்கார்ந்தார்.

இன்னும் வேலை மிச்சமிருக்கிறது. கிளட்ச் பிளேட் ஒட்டியிருக்கிறது, டயர்கள் வெடித்திருக்கின்றன. ஆனால் எடைக்காரரை வர வேண்டாம் என்று அப்பாவே போன் போட்டுச் சொல்லிவிட்டார்.

நண்பர்களே! உங்கள் வீட்டிலும் ஓடாத டிராக்டரோ, டீசல் பம்புசெட்டோ கிடக்கலாம். போனவுடன் ஸ்டார்ட் பண்ணாதீர்கள். முதலில் கையால் சுற்றிப் பாருங்கள். ஓடும் வண்டி வைத்திருப்பவர்கள், நிறுத்தியதும் இன்ஜின் ஆறியபின் சைலன்சர் வாயில் ஒரு பழைய டப்பாவைக் கவிழ்த்துவிடுங்கள். ஸ்டார்ட் பண்ணுமுன் மறக்காமல் எடுத்துவிடுங்கள். அந்த ஒரு டப்பா இல்லாததால்தான் எங்களுக்கு இத்தனை பாடு. இப்போது எங்கள் வண்டிக்கு டப்பா போடுவது என் வேலை!

— ஒரு மாணவன்,
பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு