மண்ணுக்கு மாறினாலும் சட்டம் மாறாது: கனடாவில் வீட்டுக்குள் கஞ்சா வளர்ப்போர் அறிய வேண்டியவை

2018 ஒக்டோபர் 17 அன்று கனடாவில் கஞ்சாச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. வயது வந்தவர்கள் வீட்டில் நான்கு செடிகள் வரை வளர்க்க அது இடம் கொடுத்தது. உள்ளறையில் வளர்க்கத் தொடங்கிய பலர் முதலில் வாங்கியது ஹைட்ரோபோனிக்ஸ். தொட்டியில் தண்ணீர், அதில் கரைத்த உப்புரம், சுற்றிவர ஒரு பம்ப் என்று அதன் அமைப்பு. இப்போது அவர்களில் ஒரு பகுதியினர் அதைக் கழற்றி வைத்துவிட்டு, ஒவ்வோர் அறுவடைக்குப் பிறகும் அதே மண்ணைத் திரும்பப் பயன்படுத்தும் இயற்கை மண் முறைக்கு மாறுகிறார்கள். செலவு குறைவு, கவனிப்பும் குறைவு என்பது காரணம். கூடவே இன்னொரு நம்பிக்கையும் ஒட்டிக்கொள்கிறது: 'இயற்கை முறைதானே, இதில் என்ன ஆபத்து? யார் கேட்கப் போகிறார்கள்?'

செலவுக் கணக்கு சரியாக இருக்கலாம். அந்த நம்பிக்கை சரியல்ல. தண்ணீரை விட்டு மண்ணுக்கு வரும்போது சில ஆபத்துகள் குறைகின்றன. வேறு சில புதிதாகச் சேர்கின்றன. சட்டப் பொறுப்பு மட்டும் அப்படியே இருக்கிறது. கஞ்சா பயன்படுத்துங்கள் என்று சொல்ல வந்த கட்டுரை அல்ல இது. வளர்ப்பவர்களும், அவர்களோடு ஒரே கூரையின் கீழ் இருப்பவர்களும், அவர்களுக்கு வீடு வாடகைக்கு விட்டவர்களும் தெரிந்துகொள்ள வேண்டியதைச் சொல்வதே நோக்கம்.

நான்கு என்பது ஆளுக்கு அல்ல, வீட்டுக்கு

மிகப் பலர் தவறும் இடம் இது. ஒரே வீட்டில் ஐந்து பெரியவர்கள் இருந்தாலும் செடிகள் நான்குதான். முளைவிட்டு இரண்டு இலை வந்த நாற்றும் செடிதான். வேர்விட்ட தண்டுத் துண்டும் செடிதான். 'ஆறு விதை போடுவோம், நன்றாக வரும் நான்கை வைத்துக்கொள்வோம்' என்று தோட்டக்காரர் வழக்கப்படி தொடங்கினால், ஆறும் முளைத்த நாளிலேயே வரம்பு தாண்டப்பட்டுவிடுகிறது. ஐந்து அல்லது ஆறு செடி என்றால் பொலிஸ் அபராதச் சீட்டோடு விட்டுவிட வாய்ப்புண்டு. அதற்கு மேல் போனால் குற்ற வழக்கு. அதன் உச்ச தண்டனை 14 ஆண்டுச் சிறை.

விதை எங்கிருந்து வந்தது என்பதும் முக்கியம். சட்டவிரோதமானது என்று தெரிந்த விதையிலிருந்து வளர்த்தால் ஒரு செடியும் குற்றமே. அனுமதி பெற்ற கடையில் வாங்கி, பற்றுச்சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். விளைந்ததில் ஒரு கிராமைக்கூட விற்கக் கூடாது. உலர்ந்த நிலையில் 30 கிராம் வரை இன்னொரு வயது வந்தவருக்கு இலவசமாகக் கொடுக்கலாம். வயது குறைந்தவருக்குக் கொடுத்தால் அதற்கும் 14 ஆண்டு வரை தண்டனை உண்டு. வயது வரம்பு மாகாணத்துக்கு மாகாணம் மாறும்: அல்பேர்ட்டாவில் 18, ஒன்ராறியோவில் 19, கியூபெக்கில் 21.

கியூபெக்கில் வீட்டில் வளர்ப்பதே தடை. அந்தத் தடை செல்லும் என்று கனடா உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரலில் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. ரொறன்ரோவிலிருந்து மொன்றியலுக்குக் குடிபெயர்பவர் நான்கு தொட்டிகளையும் லொறியில் ஏற்றிச் சென்றால், ஓர் உரிமை ஒரே பயணத்தில் குற்றமாகிவிடும். மருத்துவத் தேவைக்காக ஹெல்த் கனடாவில் பதிந்தவர்களின் நிலை வேறு. அவர்களுக்கான செடி எண்ணிக்கை மருத்துவர் எழுதிய தினசரி அளவைப் பொறுத்தது. பதிவுச் சான்றிதழ் கையில் இருக்க வேண்டும்.

வாடகை வீடும் கொண்டோவும்

மத்திய சட்டம் அனுமதிக்கிறது என்பதற்காக வீட்டுக்காரர் அனுமதிக்க வேண்டும் என்றில்லை. ஒன்ராறியோவில் வாடகை ஒப்பந்தமோ கொண்டோ விதியோ வளர்ப்பைத் தடுத்திருந்தால் அதற்கு நீங்கள் கட்டுப்பட்டவர். தொட்டியை வாங்குமுன் ஒப்பந்தத்தை முழுதாக வாசியுங்கள். வாய்ப்பேச்சில் கிடைத்த சம்மதத்தை நம்ப வேண்டாம். ஒரு மின்னஞ்சலாவது எழுத்தில் வாங்கி வையுங்கள்.

வாடகைக்கு இருப்பவருக்கு உரிமைகளும் உண்டு. அவசர நிலை தவிர, வீட்டுக்காரர் உள்ளே வர 24 மணி நேரத்துக்கு முன் எழுத்தில் அறிவிக்க வேண்டும். காலை 8 மணிக்கும் இரவு 8 மணிக்கும் இடையில்தான் வரலாம். 'கஞ்சா வளர்க்கிறாய், நாளைக்கே வெளியே போ' என்று சொல்லிப் பூட்டை மாற்ற அவருக்கு அதிகாரம் இல்லை. மணம் அயலவரைத் தொந்தரவு செய்கிறது, ஈரம் சுவரைக் கெடுத்துவிட்டது என்பது முறைப்பாடு என்றால் வழக்கமாக வருவது என்5 என்ற அறிவித்தல். முதல் முறை வரும் என்5இல் குறையைத் திருத்த ஏழு நாள் அவகாசம் இருக்கிறது. அந்த ஏழு நாளுக்குள் செடியை அகற்றி, சேதத்தைச் சரிசெய்து, படம் எடுத்து வைத்தால் அந்த அறிவித்தல் செல்லாததாகிவிடும். வரம்பு மீறிய வளர்ப்பு என்றால் சட்டவிரோதச் செயலுக்கான என்6 வரலாம். அதில் இப்படித் திருத்திக்கொள்ளும் வாய்ப்பு இல்லை. எந்த அறிவித்தலானாலும் வீட்டுக்காரர்–வாடகைக்காரர் தீர்ப்பாயத்தின் உத்தரவு இல்லாமல் ஒருவரை வெளியேற்ற முடியாது.

குடியுரிமை இன்னும் பெறாதவர்கள்

தமிழ்க் குடும்பங்கள் அதிகம் கவனிக்க வேண்டிய பகுதி இது. கனடாக் குடிவரவுச் சட்டத்தின் 36ஆம் பிரிவின்படி, உச்ச தண்டனை பத்து ஆண்டோ அதற்கு மேலோ உள்ள ஒரு குற்றத்தில் தண்டிக்கப்பட்டால் அது 'பாரிய குற்றச்செயல்' எனக் கொள்ளப்படும். நீதிபதி உண்மையில் என்ன தண்டனை கொடுத்தார் என்பது இங்கே கணக்கில்லை. அபராதம் மட்டும் கட்டி வீடு வந்தவரும் இந்த வரையறைக்குள் விழலாம். நிரந்தர வதிவிட உரிமையே ஆட்டம் காணலாம். விற்பனை, வரம்பு மீறிய வளர்ப்பு, எல்லை தாண்டிக் கொண்டுபோதல் ஆகிய மூன்றுக்கும் உச்ச தண்டனை 14 ஆண்டு. மாணவர், வேலை அனுமதியில் இருப்பவர் ஆகியோருக்கான தடை இன்னும் தாழ்வான படியிலேயே தொடங்கிவிடுகிறது.

குற்றவியல் சட்டத்தரணி ஒருவர் 'ஒப்புக்கொண்டால் சிறிய அபராதத்தோடு முடிந்துவிடும்' என்று சொல்லலாம். அவர் பார்வையில் அது நல்ல முடிவாகவும் இருக்கலாம். ஆனால் குடிவரவுச் சட்டத்தரணியைக் கேட்காமல் எந்தக் குற்றத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டாம்.

எல்லை விடயத்தில் விதிவிலக்கு கிடையாது. விதை உட்பட எதையும் கனடாவுக்குள் கொண்டுவரவும் வெளியே கொண்டுபோகவும் கூடாது. அமெரிக்க மத்திய சட்டத்தில் கஞ்சா இன்னும் தடைதான். ஊருக்குப் போகிறவர்கள் மறக்கக் கூடாதது: இலங்கையில் வளர்ப்பது குற்றம். இந்தியாவில் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி வளர்த்ததற்கு மட்டுமே பத்தாண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. இயற்கை மண்ணில் வளர்த்தாலும் மாடித் தோட்டத்தில் வளர்த்தாலும் அங்கே ஒன்றுதான்.

தண்ணீரை விடும்போது குறையும் ஆபத்துகள்

ஹைட்ரோபோனிக்ஸின் முதல் ஆபத்து கசிவு. பன்னிரண்டாம் மாடியில் இரவு ஒரு குழாய் கழன்றால் பதினோராம் மாடியின் கூரை நனையும். கட்டடக் காப்புறுதியில் முதலில் கையிலிருந்து கட்ட வேண்டிய தொகையைக் கொண்டோ நிர்வாகம் உங்களிடமே அறவிடலாம். இரண்டாவது, தண்ணீரின் அமிலத்தன்மையைக் கூட்டிக் குறைக்க வைத்திருக்கும் திரவங்கள். ஒன்றில் பெரும்பாலும் பொஸ்பொரிக் அமிலம், மற்றதில் பொட்டாசியம் ஹைட்ரொக்சைட் இருக்கும். இரண்டும் தோலையும் கண்ணையும் எரிக்கும். மூன்றாவது, மாற்றி ஊற்றும் உரத் தண்ணீர். அதைத் தெருவோர மழைநீர் வடிகாலில் கொட்டினால் நைத்திரேற்றும் பொஸ்பேற்றும் நேராக ஓடைக்கும் ஏரிக்கும் போகும்.

மண்ணுக்கு மாறினால் இம்மூன்றும் பெருமளவு குறையும் என்பது உண்மை. மூடிய அறையில் கரியமில வாயு ஏற்றும் பழக்கத்தையும் சேர்த்தே விட்டுவிடுங்கள். மூச்சடைப்பு வரலாம், அதற்காக புரொப்பேன் அடுப்பு எரித்தால் கார்பன் மொனொக்சைட் நஞ்சும் சேரும்.

மண்ணில் சேர்ந்துகொண்டே போகும் ஆபத்துகள்

தண்ணீர் முறையில் தவறு நடந்தால் தொட்டியைக் கவிழ்த்துப் புதிதாகத் தொடங்கலாம். திரும்பப் பயன்படுத்தும் மண்ணிலோ ஒருமுறை போட்டது போகாமல் நிற்கும். நல்ல நுண்ணுயிரும் மண்புழு உரத்தின் சத்தும் அப்படி நிற்பதுதான் இந்த முறையின் பலம். உப்பும் பூச்சி முட்டையும் நோய்க்கிருமியும் கன உலோகமும் அதேபோல நிற்பது அதன் பலவீனம்.

கன உலோகத்தை முதலில் பார்ப்போம். கஞ்சா இனச் செடிகள் மண்ணிலுள்ள கட்மியம், ஈயம் போன்றவற்றை நன்றாக உறிஞ்சக் கூடியவை. 1990களின் இறுதியில் செர்னோபில் பகுதியின் மாசடைந்த நிலத்தில், போதை தராத ஹெம்ப் வகையை நட்டுப் பார்த்ததற்கு இந்தக் குணமே காரணம். பாறைப் பொஸ்பேற் உரத்தில் இயல்பாகவே கட்மியம் இருக்கக் கூடும். 'இயற்கை' என்று எழுதிய பையில் வருவதால் அது இல்லாமல் போகாது. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பிடி சேர்த்துக்கொண்டே போனால் மண்ணில் அது ஏறிக்கொண்டே போகும். புகையாக உள்ளே இழுக்கும்போது நுரையீரல் அதை எளிதாக ஏற்றுக்கொள்ளும்.

அடுத்தது பூஞ்சணமும் கிருமியும். மக்கிய உரத்தில் அஸ்பேர்ஜில்லஸ் என்ற பூஞ்சண வித்துகள் இருப்பது வழக்கம். நலமானவருக்குப் பெரிதாக ஒன்றும் செய்யாது. புற்றுநோய்ச் சிகிச்சையிலோ உறுப்பு மாற்றுக்குப் பின்னரோ இருப்பவருக்கு அது உயிராபத்து. வலிக்காகக் கஞ்சா எடுப்பவர்களில் பலர் இத்தகைய நோயாளிகளே என்பதை நினைவில் வையுங்கள். தொட்டி மண்ணிலிருந்து லீஜனெல்லா நுரையீரல் தொற்று வருவதும் அறியப்பட்ட ஒன்று. பையைத் திறக்கும்போது முகத்தை விலக்கி, முகக்கவசம் அணிந்து, மண்ணை முதலில் ஈரமாக்கி, வேலை முடிந்ததும் கை கழுவுங்கள்.

மூன்றாவது பூச்சி. ஈர மண்ணில் சிறு கறுப்பு ஈ பெருகும். வேர்ப்பேன் ஒரு சுற்றிலிருந்து அடுத்த சுற்றுக்கு அப்படியே தாவும். அவசரத்தில் கைக்குக் கிடைத்த மருந்தைத் தெளிப்பதுதான் இதில் பெரிய தவறு. 2016–17இல் அனுமதி பெற்ற சில நிறுவனங்களின் கஞ்சாவிலேயே மைக்ளோபியூட்டனில் என்ற பூஞ்சணக்கொல்லி கண்டுபிடிக்கப்பட்டு, பொருட்கள் திரும்பப் பெறப்பட்டன. சூடாக்கும்போது அது ஹைட்ரஜன் சயனைட்டை வெளிவிடும். இன்று கடைக்கு வரும் கஞ்சாவுக்குப் பூச்சிக்கொல்லி, கிருமி, கன உலோகப் பரிசோதனைகள் கட்டாயம். உங்கள் அறையில் விளைந்ததற்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

ஆகவே உரப் பையைத் திருப்பி அதன் பின்புறத்தைப் படியுங்கள். சத்துகளின் உத்தரவாத அளவு, தயாரிப்பாளர் பெயர், முகவரி இருக்கிறதா? பூச்சிக்கொல்லி என்றால் பூச்சிக்கொல்லிச் சட்டப்படியான பதிவு எண்ணும், கஞ்சாவுக்கு ஏற்றது என்ற குறிப்பும் இருக்கிறதா? இல்லையென்றால் கடையிலேயே வைத்துவிடுங்கள். வேர் அழுகிய செடியின் மண்ணை மீண்டும் பயன்படுத்த வேண்டாம். சில சுற்றுகளுக்கு ஒருமுறை ஆய்வகத்தில் மண்ணைக் கொடுத்து உப்பு அளவையும் கன உலோகத்தையும் பாருங்கள். ஒவ்வோர் உரத்தையும் எப்போது, எவ்வளவு சேர்த்தீர்கள் என்று ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.

விளக்கும் ஈரமும் அப்படியேதான்

மண்ணுக்கு மாறியவர்கள் பெரும்பாலும் பழைய விளக்கை மாற்றுவதில்லை. வீட்டின் சாதாரண 15 அம்பியர் இணைப்பு 1,800 வாட் தாங்கும். மணிக்கணக்காகத் தொடர்ந்து எரியும் சாதனத்துக்கு அதில் 80 சதவீதமான 1,440 வாட்டே பாதுகாப்பு. 1,000 வாட் சோடியம் விளக்கும் குளிர்காலத்து 1,500 வாட் ஹீற்றரும் ஒரே இணைப்பில் இருந்தால் கணக்கு அங்கேயே உடைகிறது. 1960, 70களில் கட்டிய வீடுகள் சிலவற்றில் அலுமினியக் கம்பி இருப்பதால் ஆபத்து இன்னும் அதிகம். ஒன்ராறியோவில் வயரிங் மாற்றும் வேலையை உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரரிடம் கொடுத்து, மின் பாதுகாப்பு ஆணையத்தில் பதிவானதை உறுதிசெய்யுங்கள். காப்புறுதி முகவரிடமும் முன்கூட்டியே சொல்லுங்கள். மறைத்தது தெரிந்தால் தீ விபத்துக்குப் பின் இழப்பீடு சிக்கலாகும். பியூட்டேன் போன்ற கரைப்பான் ஊற்றிச் சாறு எடுப்பது வெடி விபத்துக்கு வழி; அது குற்றமும்கூட.

வீட்டின் ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே இருப்பது நல்லது. ஈர மண் நிறைந்த தொட்டிகள் மூடிய பேஸ்மென்றில் அதை விரைவில் தாண்ட வைக்கும். சுவரில் வரும் பூஞ்சணத்தை மேல் மாடியில் தூங்கும் ஆஸ்துமாக் குழந்தையும் சுவாசிக்கும்.

பிள்ளைகளும் பிராணிகளும்

அறைக்குப் பூட்டு கட்டாயம் வேண்டும். கஞ்சா சேர்த்த பிஸ்கட், கேக் போன்றவற்றை அறியாமல் சாப்பிட்டு அவசரப் பிரிவுக்கு வரும் சிறு பிள்ளைகளின் எண்ணிக்கை ஒன்ராறியோவில் சட்டத்துக்குப் பின் பலமடங்கு கூடியது. வீட்டில் செய்தவற்றில் அளவும் தெரியாது, எச்சரிக்கைப் பொதியும் இராது. எலும்புத் தூள், இரத்தத் தூள் கலந்த மண்ணை நாய் தோண்டித் தின்னும். அதுவும் மிருக வைத்தியரிடம் கொண்டுபோய் நிறுத்தும்.

சிக்கல் வந்தால் யாரிடம் போவது?

பிள்ளை எதையாவது விழுங்கிவிட்டால் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். கியூபெக் நீங்கலாக, நச்சு நிலையத்தின் நாடு தழுவிய எண் 1-844-764-7669. தூக்கத்திலிருந்து எழுப்ப முடியவில்லை, மூச்சு சீராக இல்லை என்றால் உடனே 911. என்ன சாப்பிட்டது என்ற உண்மையை மருத்துவரிடம் சொன்னால்தான் சிகிச்சை சரியாக நடக்கும்.

பொலிஸ் கைது செய்தால் தாமதமின்றிச் சட்டத்தரணியோடு பேசுவது உங்கள் அரசியலமைப்பு உரிமை. நீதிமன்றத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் கேட்பதும் உரிமை. வசதி இல்லாதவர்கள் லீகல் எய்ட் ஒன்ராறியோவை நாடலாம். வாடகைப் பிரச்சினைக்குச் சமூகச் சட்ட உதவி நிலையங்கள் இலவசமாக வழிகாட்டும். தெற்காசியர்களுக்கெனத் தனியாக ஒரு நிலையமும் ரொறன்ரோவில் இயங்குகிறது. உரப் பை ஏமாற்று என்று தெரிந்தால் கனடா உணவு ஆய்வு முகமையிலும், பூச்சிக்கொல்லியால் பாதிப்பு என்றால் ஹெல்த் கனடாவிலும் முறையிடலாம். பையையும் பற்றுச்சீட்டையும் எறியாமல் வைத்திருப்பவரின் முறைப்பாட்டுக்கே வலு இருக்கும்.

எந்த மண் நல்லது என்று தேடுமுன் நான்கு ஆவணங்களை மேசையில் எடுத்து வையுங்கள்: வாடகை ஒப்பந்தம் அல்லது கொண்டோ விதி, காப்புறுதிப் பத்திரம், விதை வாங்கிய பற்றுச்சீட்டு, உங்கள் குடிவரவு நிலையைக் காட்டும் அட்டை. இவற்றில் ஒன்று இடறினாலும் தொட்டி வாங்குவதைத் தள்ளிப்போட்டு, முதலில் ஒரு சட்டத்தரணியிடம் பேசுங்கள்.